ஷிகெனோ வீட்டு வாய்க்கால் மூடி

ஷிகெனோ என்ற பேரைத் தொவா முதன்முதலாகக் கேட்டது முள்ளங்கிக்குப் புகை போடும் கொட்டகையில். நவம்பர் மாசக் கடைசி. கயிறு கயிறாக முள்ளங்கி தலைக்கு மேலே தொங்க, கீழே கட்டை புகைந்துகொண்டிருந்தது. மாமியார் இனெ கண்ணைக் கசக்கிக்கொண்டே பேச்செடுத்தாள்.

"கேட்டியா? ஏழாம் வீட்டுக் கிசாகு போன குளிருக்கு ஆரஞ்சு பறிக்கப் போனானே, இப்பத்தான் பறிச்சுக்கிட்டு வர்றானாம்."

"என்னத்தை அத்தை?"

"பொண்ணை. பேரு ஷிகெனோவாம். ஷிசுவோகாப் பக்கம். அங்கெல்லாம் பனியை மலை உச்சியில மட்டுந்தான் பாப்பாங்களாம். அதுவும் தூரத்துல நின்னு."

கொட்டகையில் இருந்த நாலு பெண்களும் சிரித்தார்கள். தொவாவும் சிரித்தாள். அவள் பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம், அதுவும் கூரை மட்டத்துக்குப் பனி விழுகிற ஊர்தான். பனி தெரியாத பெண்ணை இந்த மினசாவா ஊருக்குக் கட்டிக்கொண்டு வருகிறானே, இவனுக்கு என்ன புத்தி என்று அவளுக்கும் தோன்றியது.

கிசாகு வேற்று ஆள் இல்லை. தொவாவின் புருஷன் எய்கிச்சிக்குச் சின்னத் தாத்தா ஒருத்தர். அவருடைய இரண்டாம் தாரத்துப் பெண் வயிற்றுப் பேரன் கிசாகு. முறைக்குத் தம்பி. அந்தக் கணக்கில் வந்தவள் தொவாவுக்கு ஓரகத்தி. கல்யாணத்தன்று தலையைக் குனிந்து, "அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிக் கொடுங்க" என்றாள். இருபத்தெட்டு வயது. வெயிலில் வளர்ந்த முகம், கன்னத்தில் புள்ளி புள்ளியாக மச்சம். ரப்பர் பூட்ஸுக்குள் வைக்கோல் திணித்துப் போட்டுக்கொள்வதில் தொடங்கித் தொவாதான் சொல்லிக் கொடுத்தாள். பனிவாரியை எப்படிப் பிடிப்பது, இடுப்பு போகாமல் எப்படித் தள்ளுவது, கூரைப் பனி சரியும் முன்னால் என்ன சத்தம் வரும், எல்லாம் தொவாவின் வாயிலிருந்து போனதுதான்.

வாய்க்கால் விவரத்தையும் அவள்தான் சொன்னாள்.

தெருவில் மொத்தம் பதினோரு வீடு. தெரு ஓரமாகக் கான்கிரீட் வாய்க்கால். ஆற்றிலிருந்து திருப்பிய தண்ணீர் குளிர்காலம் முழுக்க அதில் ஓடும். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் ஒரு கம்பி மூடி. அதைத் தூக்கிவிட்டு வாசல் பனியை உள்ளே தள்ளினால் தண்ணீர் கொண்டுபோய் ஆற்றில் சேர்த்துவிடும். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் தள்ளினால் அடைத்துக்கொள்ளும். அதனால் முறை வைத்திருந்தார்கள். காலை ஆறரைக்கு மேல்வரிசை நாலு வீடு, ஏழுக்கு நடு மூணு, ஏழரைக்குக் கீழ் நாலு. தெருத்தலைவர் வீட்டிலிருந்து ஒருத்தர் கைமணி ஆட்டுவார். மணி கேட்காமல் மூடியைத் தொடக்கூடாது. பனியையும் கட்டியாகப் போடக்கூடாது. வாரியின் விளிம்பால் சூப் கிண்ணம் அளவுக்கு உடைத்துத்தான் போட வேண்டும். எட்டு மணிக்குமேல் மடையை முக்கால்வாசி இறக்கிவிடுவார்கள், தண்ணீர் பெரிய சாலை வாய்க்காலுக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு போட்ட பனி எங்கேயாவது உட்கார்ந்துகொள்ளும்.

ஷோவா ஐம்பத்தொன்பதாம் வருஷம், அதாவது 1984இல், எய்கிச்சிதான் தெருத்தலைவர். பேருக்குத்தான். அறுப்பு முடிந்ததும் அவரும் மற்ற ஆம்பிளைகளைப் போல டோக்கியோவுக்குச் சுரங்கப்பாதை வேலைக்குப் போய்விட்டார். மணி ஆட்டியது தொவா. முறை நேரத்தைத் தூரிகையால் பதினோரு தாளில் எழுதி வீட்டுக்கு வீடு கதவில் ஒட்டியதும் அவள்தான். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுத்து என்று யாரும் சொல்ல முடியாத அளவுக்கு அழகாக எழுதியிருந்தாள்.

அந்த வருஷம் பனி கொட்டியதைப் பற்றி மினசாவாவில் இன்றைக்கும் பேசுவார்கள். பிப்ரவரியில் மாமனாரின் ஏழாம் வருஷத் திதி வந்தது. கோயிலிலிருந்து பிட்சு ஒரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். தொவாவின் அண்ணனும் அண்ணியும் மலை தாண்டி வருவதாகச் செய்தி. அந்த அண்ணியின் நாக்கு பொல்லாதது. முந்தின வருஷம் வந்தபோது வாசலில் நின்றுகொண்டு, "தொவா, உங்க வீட்டுக்குள்ள வரணும்னா எலி மாதிரி வளை தோண்டணும் போலிருக்கே. நம்ம ஊருல மாட்டுத் தொழுவத்துக்கே இதைவிட அகலமா வழி விடுவோம்" என்று சொல்ல, அதைக் கேட்டு இனெ ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் தொவா கூரையேறிப் பனி தள்ளியிருந்தாள். தள்ளியதெல்லாம் வாசலில் மலையாகக் குவிந்து இறுகிக் கிடந்தது. காலை ஆறரை முறையில் அரைமணி நேரம் போட்டும் கால்வாசி கூடக் குறையவில்லை. சமையல் ஒரு பக்கம், பாய்த்தரை துடைப்பது ஒரு பக்கம். பதினோரு மணிக்கு வெளியே வந்து பார்த்தாள். தெருவில் ஒரு ஆள் இல்லை. அண்ணி வந்து நிற்கப்போகும் இடத்தைப் பார்த்தாள். வாரியை எடுத்தாள். மூடியைத் தூக்கினாள்.

தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஓடியது. அவளுக்குத் தெரியாதா? அவளே எழுதி ஒட்டியதுதானே. உடைக்கவும் நேரமில்லை. தலையணை தலையணையாகப் பெயர்த்துத் தள்ளினாள். இரண்டு மூன்று கட்டி நின்றது, கம்பால் குத்தினாள், நகர்ந்து போயிற்று. இருபது நிமிஷத்தில் வாசல் பளிச்சென்று ஆகிவிட்டது. ஓரத்தை வாரியால் வெட்டிச் செங்குத்தாக நிறுத்தினாள். அதைப் பார்த்துச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அண்ணி வந்தாள். "பரவாயில்லையே தொவா, இந்தத் தடவை மனுஷங்க வர்ற மாதிரி இருக்கு" என்றாள். இனெ முகத்தில் வெளிச்சம்.

பிட்சு மந்திரம் சொல்ல ஆரம்பித்துப் பத்து நிமிஷம் இருக்கும். தெருவில், "தண்ணி! தண்ணி!" என்று சத்தம். டோஃபு கடை தொயோசாக்குவின் குரல். முழங்கால் மடித்து உட்கார்ந்திருந்த தொவாவுக்கு அந்த முதல் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. திதி நடுவில் எழுந்திருக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிட்சு முடித்து, ஊதுவத்தி வைத்து, தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பூட்ஸை மாட்டினாள்.

ஏழாம் வீட்டைத் தாண்டி வாய்க்கால் ஒரு வளைவு திரும்பும். வளைவுக்கு அடுத்த வீடு தொயோசாக்குவுடையது. வளைவில் பனிக்கட்டி சுவர்போல் அடைத்து, தண்ணீர் மேலே பொங்கி, நேராக அவர் வீட்டுக்குள் இறங்கியிருந்தது. வளைவுக்கு முன்னால், ஏழாம் வீட்டு வாசலில், கம்பி மூடி திறந்து கிடந்தது. கையில் மூங்கில் கம்போடு முழங்கால் வரைக்கும் நனைந்து ஷிகெனோ நின்றாள். கை இரண்டும் வேகவைத்த நண்டு மாதிரி சிவந்திருந்தது. தண்ணீர் ஏறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மூடியைத் தூக்கிக் குத்திவிடப் பார்த்திருக்கிறாள். ஆனால் ஓடி வந்தவர்கள் பார்த்தது திறந்த மூடியையும், பக்கத்தில் அவளையும்தான்.

தபால்காரர் பெண்டாட்டி மசு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "ஏம்மா, தெரியலேன்னா கேட்டுக்கக் கூடாதா? ஆறு வருஷமாச்சு வந்து!"

"நான்... நான் காலைல என் முறையிலதான் போட்டேன். கொஞ்சமாத்தான் போட்டேன்."

"அப்ப இது என்ன, வானத்துலேர்ந்தா வந்துச்சு?"

"வேற எங்கேர்ந்து வரும், பனி வானத்துலேர்ந்துதான் வரும்" என்று பின்னால் ஒரு கிழவர் சொல்ல, ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

தொயோசாக்கு சிரிக்கவில்லை. ஊறவைத்த சோயாத் தொட்டியில் சேற்றுத் தண்ணீர். அடுப்பு அணைந்து போயிற்று. பாய்த்தரை மிதந்துகொண்டிருந்தது. "இருபது வருஷமா இந்தத் தெருவுக்கு டோஃபு போட்டேன்" என்றார். "நாளைக்குக் காலைல ஐஸ்தான் போடணும். ஆளுக்குத் துண்டு துண்டா வெட்டித் தர்றேன், வந்து வாங்கிக்கங்க."

அப்போதுதான் மசு தொவாவைப் பார்த்தாள். "இதோ தலைவர் வீட்டம்மாவே வந்தாச்சு. தொவா அக்கா, நீங்களே கேளுங்க இவளை."

எல்லாரும் திரும்பினார்கள். ஷிகெனோவும் திரும்பினாள். அவள் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. அதோடு, அக்கா வந்துவிட்டாள் என்ற நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியைத்தான் தொவாவால் பிற்பாடு மறக்க முடியவில்லை.

வாயைத் திறந்தாள். "முதல்ல மடையை அடைக்கலாம். பேச்சை அப்புறம் வெச்சுக்கலாம்" என்றாள்.

சொல்லிவிட்டு மேல்பக்கம் ஓடினாள். மடைப்பலகையை இறக்கினாள். தண்ணீர் நின்றது. தொவா இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வீடு போயிருக்கும் என்று அன்றைக்குச் சாயங்காலம் தெருவே பேசியது.

அப்புறம் என்று ஒன்று வரவே இல்லை. மறுநாள் பாய்களைத் தூக்கிப்போட, தரைக்கடியில் உறைந்த ஐஸை உடைக்க, எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்தார்கள். தொவாவும் உடைத்தாள். யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்க என்ன இருக்கிறது? பனி தெரியாதவள் ஒருத்திதானே தெருவில் இருந்தாள்.

கிசாகுவுக்குத் தந்தி போய், வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தான். நாலாம் நாள் புருஷனும் பெண்டாட்டியும் வீடு வீடாக மன்னிப்புக் கேட்கக் கிளம்பினார்கள். ஷிகெனோவின் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய ஆரஞ்சு, வீட்டுக்குப் பத்து என்று வலைப்பையில் போட்டுக்கொண்டு. தொவா வீட்டு வாசற்படியில் இரண்டு பேரும் மண்டி போட்டார்கள். ஷிகெனோவின் நெற்றி மரப்பலகையில் பட்டது.

"உங்களுக்குத்தான் ரொம்ப அவமானம் பண்ணிட்டேன் அக்கா. நீங்க அவ்வளவு சொல்லிக் கொடுத்தும், என் புத்தி... காலைல நான் போட்டதுதான் எங்கேயோ நின்னு உறைஞ்சிருக்கணும். சரியா உடைச்சுப் போட்டேன்னுதான் நெனச்சேன்."

போடாத பனியைத் தான்தான் போட்டதாக அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள்.

"பரவாயில்லை, எந்திரிங்க, எந்திரிங்க" என்றாள் தொவா. அது ஒன்றுதான் வாயில் வந்தது. பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் போனதும் கணப்பு மேசைக்கடியில் காலை நீட்டிக்கொண்டிருந்த இனெ பேசினாள். "முன்னோர் மாடத்துல வை. அப்புறம் எனக்கொண்ணு உரிச்சுக் கொடு."

தொவா உரித்துக் கொடுத்தாள். இனெ ஒரு சுளையை வாயில் போட்டு, மெதுவாகத் தின்று, விதையைக் கையில் துப்பினாள்.

"ஜன்னல் எனக்கும் இருக்குடீ" என்றாள்.

தொவாவுக்குக் கை நின்றுவிட்டது.

"உன் மாமனாருக்காகத்தான் வாசலைச் சுத்தம் பண்ணினே. அவர் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டார். ஊரு அப்படியில்லை. தலைவர் வீட்டுக்காரியே முறை தப்பினாள்னா, எய்கிச்சி அடுத்த வருஷம் எந்த மூஞ்சியோட சபையில உக்காருவான்? அந்தப் பொண்ணு வெளியூரு. அதுகிட்டேர்ந்து யாரும் பெருசா ஒண்ணும் எதிர்பார்க்கலை. நாலு நாள் பேசிட்டு விட்டுடுவாங்க. வாயை மூடிக்க."

மீதி ஒன்பது ஆரஞ்சையும் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள். இனிப்பாக இருக்கிறது என்றார்கள். தொவா தொடவில்லை. ஆனால் தின்னாமல் இருந்ததற்காகத் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும் அளவுக்கு அவள் கெட்டுப்போகவில்லை.

நாலு நாளில் விடவில்லை. மாசக் கடைசியில் சாவடியில் கூட்டம் போட்டு ஒரு முடிவு எடுத்தார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. பாதுகாப்பு என்றார்கள். ஏழாம் வீட்டு மூடியைக் கம்பி போட்டுக் கட்டிவிடுவது. அந்த வீட்டுப் பனி சறுக்குவண்டியில் ஆற்றுக்குப் போகட்டும். எதுவரைக்கும் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. கட்ட வேண்டியது தலைவர் வீடு.

குறடும் கம்பிச் சுருளும் எடுத்துக்கொண்டு தொவா போனாள். மூடிக் கம்பிக்கும் கான்கிரீட்டில் இருந்த வளையத்துக்கும் சேர்த்து மூன்று சுற்று சுற்றி முறுக்கினாள். விரல் மரத்துப்போய்க் குறடு இரண்டு தடவை நழுவிற்று. ஷிகெனோ வீட்டுக்குள் ஓடிப்போய்க் கம்பளிக் கையுறை கொண்டுவந்தாள்.

"இதைப் போட்டுக்கங்க அக்கா. இரும்பு ஒட்டிக்கும்."

அதைப் போட்டுக்கொண்டுதான் தொவா கடைசி முறுக்கை முறுக்கினாள்.

ஆறு அந்த வீட்டிலிருந்து இருநூற்றுச் சில்லறை அடி தூரம். கோயில் கல்தூணைச் சுற்றி இறங்க வேண்டும். விடியற்காலையில் ஷிகெனோ சறுக்குவண்டியில் பனியை ஏற்றி, கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு இழுப்பாள். ஒரு நாளைக்கு இருபது தடவை, முப்பது தடவை. மற்றவர்கள் மணி கேட்டு அரைமணி நேரத்தில் முடித்துவிட்டுச் சோறு தின்னப் போகும்போது அவள் எட்டாவது நடையிலோ ஒன்பதாவது நடையிலோ இருப்பாள். தொவா மணியை ஆட்டிக்கொண்டு தெருவோடு நடந்து வருவாள். எதிரில் அவள் வண்டி இழுத்துக்கொண்டு வருவாள். "காலை வணக்கம் அக்கா!" என்பாள், மூச்சு வாங்கிக்கொண்டு.

பனி தெரியாதவள் என்று பேர் வாங்கியவள், ஐந்தாறு வருஷத்தில் தெருவிலேயே பனியை நன்றாகத் தெரிந்தவளாகிவிட்டாள். காலடிச் சத்தத்தை வைத்தே மத்தியானம் உருகுமா உருகாதா என்பாள். ஆம்பிளைகள் இல்லாத வீட்டுக் கூரையில் பனி ஏறிவிட்டால் அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஏணியில் பூனை மாதிரி ஏறுவாள். ஊர்ப் பெண்கள் கூலிக்குத் தைக்கும் கொட்டகையில் சட்டைக் காலர் தைப்பதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. பேச்சுக்கூட மினசாவா பக்கத்து இழுவையாக மாறிவிட்டது, ஷிசுவோகாவிலிருந்து அவள் அம்மா போன் பண்ணினால், "யாரு பேசுறது?" என்று கேட்பாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எல்லாருக்கும் அவளைப் பிடித்திருந்தது. ஆனாலும் கம்பியை அவிழ்க்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வருஷம் ஆக ஆகத் தெருவில் ஒரு மரம் நிற்பதுபோல அதுவும் நின்றது. பள்ளிக்கூடத்தில் அவள் மகளைப் பிள்ளைகள், "உங்கம்மா தினம் பனியை ஆத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போய்க் குளிப்பாட்டுறாங்களா?" என்று கேலி பண்ணினார்கள். அந்தக் கேலியை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தது தொவாவின் சின்ன மகன். தொவா அவனை அறைந்தாள். எதற்கு அடி வாங்கினோம் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

சொல்லிவிடலாம் என்று தொவா கிளம்பியதெல்லாம் உண்டு. ஒரு வருஷம் நாற்று நடும்போது பக்கத்துப் பக்கத்து வரிசையில் இருந்தார்கள். ஒரு தடவை ரயிலில், ஒற்றைப் பெட்டியில் இரண்டே பேர், ஐம்பது நிமிஷம். "ஷிகெனோ" என்று ஆரம்பித்தாள். "என்னக்கா?" என்று அவள் முகத்தைத் திருப்பினாள். "ஜன்னலைச் சாத்தட்டுமா?" என்றாள் தொவா. சொல்ல முடியாததை எல்லாம் கிண்ணத்தில் வைத்து அனுப்பினாள்: ஊறுகாய், காளான், ஷிகெனோவின் மகளுக்குத் தன் மகள் முன்பு போட்ட கிமோனோ. கிண்ணம் ஒரு நாளும் வெறுமையாகத் திரும்பி வரவில்லை. ஷிகெனோ ஏதாவது போட்டுத்தான் அனுப்புவாள். "தொவா அக்கா மட்டும் என்னை ஒரு நாளும் குத்திக் காட்டினதில்லை" என்று மசுவிடம் சொல்லியிருக்கிறாள். மசு அதைத் தொவாவிடம் வந்து சொன்னாள்.

இனெ எண்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தாள். தொவா சொன்னால் தடுக்க இனி யாரும் இல்லை. அப்படியும் இரண்டு வருஷம் ஓட்டினாள். வாயை மூட வைத்தது மாமியார் இல்லை என்பது அப்போது நன்றாகத் தெரிந்துபோயிற்று.

அதற்கடுத்த இலையுதிர் காலத்தில் கிசாகு வயலில் மூளையில் ரத்தம் உடைந்து விழுந்து, மூன்றாம் நாள் இறந்தான். ஐம்பத்தொன்று. கருமாதி முடிந்த மறுவாரம் தொவா ஊதுவத்தி வைக்கப் போனாள். படத்துக்கு முன்னால் கைகூப்பிவிட்டுத் திரும்பினாள். ஷிகெனோ தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அவர் முதல்ல எங்கே போவார் தெரியுமாக்கா? கோயிலுக்கில்லை. தொயோசாக்கு அண்ணன் வீட்டுக்கு. போய் வாசல்ல குனிஞ்சுட்டுத்தான் கோயிலுக்கு வருவார். வேண்டாம்ப்பா, எத்தனை வருஷமாச்சுன்னு அவரே சொல்லுவார். இவர் கேக்க மாட்டார். 'என் பெண்டாட்டி பண்ணினது, என் கழுத்துல எலும்பு இருக்கிற வரைக்கும் குனிவேன்'னுவார். ஆஸ்பத்திரியில வாய் கோணிப்போய்க் கிடந்தப்பவும், இந்தப் புத்தாண்டுக்கு யாரு போறதுன்னு கேட்டார்."

தொவா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அது நீ இல்லை" என்றாள்.

"எது?"

"வாய்க்கால். அன்னிக்குத் திதி. பதினோரு மணிக்கு நான்தான் போட்டேன். உடைக்காம, கட்டி கட்டியா. எங்க அண்ணி வருவாள்னு வாசலைச் சுத்தம் பண்ணினேன். வளைவுல அடைச்சது உன் மூடியில விழுந்ததில்லை, மேலே எங்க வீட்டுலேர்ந்து வந்தது."

ஷிகெனோ கெட்டிலைப் பிடித்தபடியே இருந்தாள். தேநீர் நிரம்பி மேசையில் வழிந்தது. அதைத் துடைக்கவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள். கேட்டுவிட்டு, கேள்வியின் அபத்தம் புரிந்து, தலையை ஆட்டிக்கொண்டாள். "வண்டி இழுத்தது போகட்டும்" என்றாள். "எனக்கு உடம்புல தெம்பு இருந்துது, இழுத்தேன். அவரு பத்து வருஷம் குனிஞ்சாரே. என்னைப் பாத்து ஒரு நாளும், நீயாடீ பண்ணினேன்னு திட்டினதில்லை. ஆனா நான்தான்னு நம்பிக்கிட்டே போயிட்டாரு. போன மாசம் வந்து சொல்லியிருக்கக் கூடாதா நீங்க? ஒரே ஒரு மாசம் முன்னாடி."

தொவா பாய்த்தரையில் நெற்றி பட விழுந்தாள்.

"எந்திரிங்க" என்றாள் ஷிகெனோ. "எனக்கு முன்னாடி குனிஞ்சு என்ன பிரயோஜனம்? நாங்க பதினோரு வீட்டுக்கும்... பத்து வீட்டுக்கும் போனோம். உங்க வீடு உள்பட. நீங்க சாவடியில போய்ச் சொல்லுங்க. வாய்க்கால் முறை போடுற கூட்டத்துல. எல்லாரும் இருக்கும்போது."

அன்றிலிருந்து கூட்டத்துக்குப் பதினேழு நாள். கூட்டத்தன்று காலையில் தொவா எய்கிச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "செத்துப்போனவனுக்கா காது கேக்கப் போவுது? இப்ப எதுக்கு?" என்றார். பிறகு, "எனக்கு இடுப்பு வலி, நான் வரலை" என்று முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துவிட்டார்.

சாவடியில் எண்ணெய் அடுப்பைச் சுற்றிப் பதினைந்து பேர் இருந்தார்கள். புதுத் தலைவர் முறை நேரத்தை வாசித்தார். "ஏழாம் வீட்டுக்கு வழக்கம்போல ஆத்தங்கரைதான்" என்றார். யாரோ, "ஆத்துக்கும் ஒரு மணி வாங்கணும்யா" என்று சொல்ல, கொஞ்சம் சிரிப்பு. கடைசி வரிசையில் ஷிகெனோ கருப்புச் சட்டையில் உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. தொவாவையும் பார்க்கவில்லை.

தொவா எழுந்து நின்றாள். கால் மரத்திருந்தது. சொன்னாள். ஷிகெனோவிடம் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் சொன்னாள். கூடுதலாக ஒன்று, "கம்பி கட்டினதும் நான்தான்" என்று.

மசு தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொயோசாக்குவுக்கு அப்போது எழுபதைத் தாண்டியிருந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "புத்தாண்டு தவறாம வருவானே அந்தப் பையன்" என்றார். "நானும் வாங்கிக்கிட்டேனே."

புதுத் தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, பழைய விஷயம். அக்காவும் சொல்லிட்டாங்க. ஏழாம் வீட்டையும் ஏழு மணி முறையில சேத்துக்கலாம். யாருக்கும் ஆட்சேபணை இல்லையே? அடுத்தது, மடைப்பலகைக்குப் புதுக் கயிறு."

எல்லாரும் கயிற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நைலானா, சணலா என்று அவ்வளவு சத்தமாக அவர்கள் பேசி யாரும் கேட்டதில்லை. ஒருத்தராவது எழுந்து ஏழாம் வீட்டுக்காரிக்கு முன்னால் குனியவில்லை. தன்னைத் திட்டுவார்கள் என்று தொவா எதிர்பார்த்திருந்தாள். யாரும் திட்டவில்லை. அவர்களும் பத்து வருஷம் அந்த வண்டியைப் பார்த்தவர்கள்தானே. திட்டினால் அது எங்கே போய் நிற்கும் என்று ஒவ்வொருத்தருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் தொவா குறடோடு போனாள். கம்பி துருவேறி வளையத்தோடு ஒன்றாகியிருந்தது. வெட்ட அரைமணி நேரம் ஆயிற்று. கதவு திறக்கவில்லை. உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

டிசம்பர் பத்துவாக்கில் முதல் பெரிய பனி விழுந்தது. மணிச் சத்தம் கேட்டது, ஏழு மணி முறை. தொவா வெளியே வந்து பார்த்தாள். ஐந்தாம் வீட்டு மூடி திறந்தது, ஆறாம் வீட்டு மூடி திறந்தது. ஷிகெனோ தோளில் கயிற்றை மாட்டிக்கொண்டு, வண்டியை இழுத்தபடி, கோயில் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

தொவா பின்னாலேயே ஓடினாள். "ஷிகெனோ, மூடியை அவிழ்த்தாச்சும்மா."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

ஷிகெனோ நிற்கவில்லை. "ஆறு நல்லா எடுத்துக்குது. யாரையும் கேக்க வேண்டாம்" என்றாள்.

தொவா வண்டியின் பின்பக்கத்தில் கை வைத்துத் தள்ளப் பார்த்தாள். "விட்டுடுங்க அக்கா" என்றாள் ஷிகெனோ. கோபமாகச் சொல்லவில்லை. தொவா கையை எடுத்துவிட்டாள்.

அதன் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளாமல் இருக்கவில்லை. ஒரே தெரு, ஒரே கோயில், முறைக்கு ஓரகத்தி. மழை வருமா என்று கேட்டுக்கொள்வார்கள். கிண்ணம் மட்டும் போய் வருவது நின்றது. ஒவ்வொரு குளிர்காலமும் தொவா வாசல் பனியைத் தன் முறையில், கிண்ணம் அளவுக்கு உடைத்து உடைத்துப் போட்டாள். அந்த நேரம் வண்டி கடந்து போகும். தலையைத் தூக்காமலேயே அது போவது அவளுக்குத் தெரியும். தெருவில் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. மணி ஆட்ட ஆள் இல்லாமல் நகரசபை ஒலிபெருக்கியிலேயே முறை சொல்ல ஆரம்பித்தார்கள். தொயோசாக்கு போனார், எய்கிச்சி போனார், மசு செந்தாய் நகரத்தில் மகன் வீட்டுக்குப் போனாள். வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் முடிந்து இருபத்தெட்டுக் குளிர்காலம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஷிகெனோவின் இரண்டு முழங்காலும் விட்டுவிட்டது. ஒரு நாள் காலை ஆற்றங்கரைச் சரிவில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் போக, தபால் வண்டிக்காரன் பார்த்துத் தூக்கி வந்தான். மகள் வந்து வீட்டை மூடினாள். ஷிகெனோ இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் நகரசபை கட்டியிருக்கும் முதியோர் குடியிருப்பில், இரண்டாம் மாடியில், கிழக்கு ஓரத்து அறையில் இருக்கிறாள். ஏழாம் வீட்டு மூடி, கம்பி போன பிறகும், ஒரு நாள்கூடத் திறக்கவில்லை.